நின்றபடியே ஓடிய வண்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நான் நலம். வண்டியும் ஒரு கீறல் இல்லாமல் லாரியிலிருந்து இறங்கிவிட்டது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "சரி மச்சான், சரி மச்சான்" என்று வைத்துவிட்டு, பிறகு நான் எதுவுமே சொல்லவில்லை என்று சாதிப்பீர்கள். எழுத்தில் இருந்தால் தப்ப முடியாது.

மேம்பாலம் ஏறும்போது வண்டி மூச்சு வாங்குகிறது, சரி பண்ணிவிட்டு அப்படியே கொஞ்சம் பவரும் ஏற்றிக் கொடுங்கள் என்றீர்கள். வாயால் ஏற்றுவது சுலபம். எங்கள் பட்டறையில் டைனோ என்று ஒன்று இருக்கிறதே, நீங்கள் வந்திருந்தபோது காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினீர்களே, அதில் ஏற்றினேன். தரையில் பதித்த உருளைகள் மேல் முன்சக்கரங்களை நிறுத்தி, நாலு பக்கமும் பட்டை போட்டுக் கட்டி, எதிரே பெரிய மின்விசிறியை வைத்துவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிப்போம். சக்கரம் பறக்கும், வண்டி இருந்த இடத்தை விட்டு நகராது. எவ்வளவு இழுக்கிறது என்பதைத் திரையில் ஒரு கோடு காட்டும்.

முதல் ஓட்டத்தில் கோடு அழகாக ஏறியது. உங்கள் புகாரே பொய் என்று நினைத்தேன். அடுத்த ஓட்டத்தில் பாதி வழியில் படுத்துவிட்டது. அதற்கடுத்ததில் மறுபடியும் ஜம்மென்று ஏறியது. நடுவில் ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொடவில்லை, மாப்பிள்ளை. டர்போதான் எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் திணிக்கும் சாமான். அந்தக் காற்று ஒருமுறை வருகிறது, ஒருமுறை வரமாட்டேன் என்கிறது. ரப்பர் குழாய்கள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், எங்கும் ஒரு குமிழி வரவில்லை. சென்சாரை மாற்றினேன். உருளை மேலேயே சந்தேகம் வந்து முதலாளியின் வண்டியை ஏற்றினேன். கோடு மேல் கோடு அச்சாக விழுந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதலாளி பின்னால் நின்று, சொந்தக்காரன் வண்டி என்றாலே இப்படித்தான் என்று வெறுப்பேற்றுகிறார்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. வண்டியை யார் ஓட்டுவது? நீங்கள் என்றால் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஓட்டினால் பின்னால் வரும் ஆமை ஹாரன் அடிக்கும்.

உங்கள் அப்பாவின் இடுப்பு எலும்பு கூடிவிட்டதா? கட்டில் இன்னும் ஹாலில்தானா? தம்பி குடும்பமும் வந்து சேர்ந்துவிட்டதாமே. இரண்டே அறை வைத்துக்கொண்டு இத்தனை பேரைச் சமாளிக்கிறீர்கள், உங்களுக்குப் பெரிய மனசு. வாலுவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்களுக்கு அவள் மனைவி, ஆபீசுக்கு அவள் மேடம், எனக்கு என்றைக்கும் வாலுதான்.

இப்படிக்கு,
காதில் பஞ்சும் கையில் சோப்பு நுரையுமாக,
உங்கள் மச்சான்.

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போனில் சொன்ன பதில் என் குழப்பத்தைக் கூட்டிவிட்டது. நீங்கள் ரயிலில் போய் வருகிறீர்கள், வாலு மட்டும்தான் வண்டி எடுக்கிறாள், அதுவும் புறவழிச் சாலையில் ஒரே அழுத்தாக ஆபீஸ், ஒரே அழுத்தாக வீடு. அப்படித்தானே சொன்னீர்கள்? சரி, ஆமை ஜோக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நேற்று டர்போவைக் கழற்றினேன். உள்ளே விசிறியைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். அவை திறந்து மூடித்தான் காற்றின் அளவு கூடும், குறையும். எல்லாவற்றிலும் கரி அப்பிக் கிடக்கிறது. அதனால்தான் ஒருமுறை அசைகின்றன, ஒருமுறை சிக்கிக்கொள்கின்றன. கோடு ஆடிய ஆட்டத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நானும் துள்ளிக் குதித்தேன். கை கழுவும்போதுதான் உறைத்தது. நெடுஞ்சாலையில் ஓடும் டீசல் வண்டிக்குள் இவ்வளவு கரி சேராது. வேகமாக ஓடினாலே சூட்டில் பாதி எரிந்து போய்விடும். ஏசியைப் போட்டுக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல், ஓரமாக நிற்கிற வண்டியில்தான் இப்படி அடையும்.

சந்தேகம் தீர, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் எடுத்து, ஓடிய தூரத்தோடு வைத்துப் பார்த்தேன். சராசரியாக ஒரு சைக்கிள் வேகம்கூட வரவில்லை. ஆபீஸ் போய் வருவது மட்டும் என்றால் இந்தக் கணக்கு உதைக்கிறது. வண்டி தினமும் எங்கேயோ ரொம்ப நேரம் நிற்கிறது. உங்கள் தம்பி உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறாரா? யாராவது ஸ்டார்ட் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்களா? வீட்டில் எல்லோரையும் கேட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். காரணம் தெரியாமல் நான் பவரை ஏற்றிக் கொடுத்தால் நாளைக்கு மறுபடியும் மூச்சு வாங்கும், என் பெயர்தான் கெடும்.

தகடுகளை மருந்தில் ஊறப் போட்டிருக்கிறேன். எல்லோர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கரி போகாத விரல்களோடு,
உங்கள் மச்சான்.

*

என் வாலுவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதம் வந்திருக்கிறதே என்று பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு அனுப்பினால் உன் கைக்கு வருவதற்குள் நாலு பேர் படிப்பார்கள். வண்டி ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறது என்று போனில் கேட்டபோது டிராஃபிக் அண்ணா என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். கரி ஏன் சேர்ந்தது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேனே தவிர, வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது யார் என்று யோசிக்கவில்லை. வண்டி தினமும் எங்கேயோ நிற்கிறது என்று மாப்பிள்ளைக்கே எழுதிவிட்டேன். அவர் உன் ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறார். நீ வீட்டில் சொல்லிவந்த ஓவர்டைம் என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். மெதுவாக, "மச்சான், அப்போ அவ தினமும் எங்கதான் போறா?" என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

பட்டறையை விட்டு வெளியே வந்து உன் வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். இத்தனை நாள் டிரைவர் சீட்டில்தான் இருந்திருக்கிறேன், எதையும் பார்க்கவில்லை. எஞ்சினைப் பார்ப்பவனுக்கு எஞ்சின்தான் கண்ணில் படும். சீட்டின் சாய்மானத்தை நீ கடைசிவரை தள்ளி வைத்திருக்கிறாய். நான்தான் முதல் நாளே அதை முணுமுணுத்துக்கொண்டு நிமிர்த்தினேன். பின்சீட்டில் உங்கள் வீட்டு சோபாவின் குஷன் ஒன்று. கதவுப் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய காலி டீக் கப்புகள். பக்கத்து சீட்டின் கீழே விரித்த மேட் மட்டும் கடையில் வாங்கியபடி இருக்கிறது. அதில் ஒரு கால் பட்ட அடையாளம் இல்லை.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவள் எங்கேயும் போகவில்லை மாப்பிள்ளை, நின்ற வண்டி எங்கே போகும், தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள், அவ்வளவுதான் என்றேன்.  அப்புறம், "வீட்டுக்கு வராம ஏன் மச்சான்?" என்று கேட்டார்.  அவர் நம்பினாரா, நம்பவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றோ நாளையோ உன்னிடமே கேட்பார். அதற்கு முன்னால் உனக்கு இது தெரியவேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். அவரிடம் இன்னொரு ஓவர்டைம் சொல்லாதே. அவர் கெட்டவர் இல்லை, பயந்து போயிருக்கிறார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திட்டு. ஹாலில் மாமனார் கட்டில், ஓர் அறையில் கொழுந்தனார் குடும்பம், இன்னோர் அறையில் பிள்ளைகளின் பாடமும் சண்டையும். ஆபீசிலும் உன்னைச் சுற்றி எந்நேரமும் ஆட்கள். நீ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார இந்த வண்டியைத் தவிர வேறு இடம் இருந்ததா? அதுதான் காரணமா? இல்லை, வேறு ஏதாவது பெரிதாக இருந்து நான் பாட்டுக்கு உளறுகிறேனா? டர்போ என்றால் கழற்றிப் பார்த்துவிடுவேன். உன்னை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி தயாராகிவிட்டது. இன்று டைனோவில் எத்தனை முறை ஓட்டினாலும் கோடு ஒரே மாதிரி ஏறுகிறது. பவரும் ஏற்றிவிட்டேன், மேம்பாலம் என்ன, மலையே ஏறும். முதலாளிகூட வாயை மூடிக்கொண்டார். வழக்கமாக இப்படி ஒரு கோடு விழுந்தால் கூட இருப்பவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பேன். இன்று திரையை அணைத்துவிட்டு சும்மா நின்றேன். வண்டி இங்கே வந்ததிலிருந்து நீ எங்கே உட்காருகிறாய் என்ற நினைப்புதான்.

வண்டியை லாரியில் அனுப்பப் போவதில்லை. கடைசியாக ஒருமுறை ரோட்டில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன், நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். முதலில் உன் ஆபீஸ் வாசலுக்கு வருவேன். உனக்குப் பிடித்த இடம் எதுவோ அங்கே கொண்டுபோய் நிறுத்து. ஏசி வேண்டாம், எஞ்சினை அணைத்துவிடு, கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். நான் ஒன்றும் கேட்கமாட்டேன், சத்தியமாக. நீ சாய்ந்துகொள். வீட்டுக்குப் போகலாம் என்று உனக்குத் தோன்றும்வரை நான் பக்கத்து சீட்டில் இருக்கிறேன். அந்த மேட் கொஞ்சம் அழுக்காகட்டும், வாலு.

உன் அண்ணன்.