வெள்ளிக்கிழமைகளில் சாகும் மெசின்

ஜூலை 5, சனி

மேற்கிலிருந்து கச்சான் காற்று. வாசல் முழுக்க மணல். இரண்டு தரம் கூட்டியாயிற்று, மூன்றாம் தரம் கூட்ட மாட்டேன்.

கட்டாரிலிருந்து மகன் றிஸ்வி வாப்பாவுக்கு அனுப்பிய காது மெசின் வந்து சேர்ந்தது. இது இரண்டாவது ஜோடி. முதல் ஜோடியில் ஒன்று, பெட்டி திறந்த அன்றே மூச்சில்லை. கடையில் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்களாம். "புத்தம் புது மொடல் உம்மா, இப்பதான் கடைக்கி வந்திரிக்கி" என்கிறான் போனில். அதுதான் எனக்குப் பயம்.

காதுக்குள்ளேயே வைப்பது. புளியங்கொட்டை அளவு. இனி கா.மெ. என்று எழுதுகிறேன்.

இவர் மாட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாகப் பிடித்தார். நெல் மில்லில் முப்பது வருடம் நின்று கெட்ட காது. காகம், ஃபேன், பக்கத்து வீட்டுக் குழாய். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ நடக்கக்குள்ள காப்பு இப்படிச் சத்தம் போடுமா?" என்றார்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து போட்டிருக்கும் காப்பு. சந்தோஷம், வேறென்ன.

ஜூலை 7, திங்கள்

மகள் ஸஹ்லாவின் நிக்காஹ்வுக்கு இன்னும் நான்கு கிழமை. பாக்கி வேலை:
– பெயின்ட், முன் அறை மட்டும்
– தையல்காரிக்கு மறுபடி போன் (பொய் சொல்கிறாள்)
– கதிரை வாடகைக்கு
– மாவடிப்பள்ளிக்குப் போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஆட்களின் எண்ணிக்கை கேட்க. சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

ஸஹ்லா இன்று சமையலறையில்: "உம்மா, வாப்பா வந்து சம்மதம் கேக்கக்குள்ள நான் கத்திச் சொல்ல மாட்டன். தெருவுக்கே கேக்கும்."

நியாயம்தான். காவின் என்கிற கல்யாணப் பதிவு எழுத முன்னர் வாப்பா அறைக்குள் வந்து மகளிடம் நேரே கேட்க வேண்டும். இவளுக்கோ பிறந்ததிலிருந்தே பூனைக் குரல். இத்தனை வருடமும் வாப்பாவுக்கு அவள் சொல்ல வேண்டியதை நான்தான் இவர் காதில் கத்தினேன். சம்மதத்தையுமா நான் கத்துவது?

இவர் வாசற்படியில் நின்று கேட்டிருக்கிறார். (கேட்டிருக்கிறார்!) "நீ மெல்லச் சொல்லு மகள். எனக்கிக் கேக்கும்" என்றார். அவள் வெங்காயத்தைச் சாட்டிக் கண்ணைத் துடைத்தாள்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆத் தொழுகையிலிருந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். குத்பா பிரசங்கம் பாதியில் வலது கா.மெ. நின்றுவிட்டதாம். பகல் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறியைத் தொடவேயில்லை என்றால் விஷயம் பெரிது.

ஜூலை 14, திங்கள்

பாடசாலை விட்டு வரும் வழியில் அன்டன் கடை, இவரையும் அங்கே வரச் சொல்லியிருந்தேன். போன், ரேடியோ, டிவி எல்லாம் திருத்துகிறவர். மெதடிஸ்த ஆட்கள், தகப்பன் காலத்திலிருந்து பழக்கம், இவரை அண்ணன் முறையில் காக்கா என்பார். ஏதோ துடைத்தார், ஊதினார், போனில் பார்த்தார். அப்டேட் ஒன்று காத்துக் கிடந்ததாம். போட்டார். வேலை செய்கிறது.

"புதுச் சாமான் ஏன் அன்டன் இப்படி?"

"இப்ப எல்லாத்தையும் பாதி வேகினவுடன இறக்கிர்ராங்க டீச்சர். அடுத்த கொம்பனிக்காரன் முந்திர்ர பயம். மிச்சம் நம்மட வீட்டில வேகட்டும், அப்டேட் அனுப்பலாம் எண்டு விட்டுர்ராங்க."

இவர் சும்மா இருப்பாரா. "எங்கட மில் மோட்டர் இருபத்தஞ்சு வருசம் ஓடின!"

"ஓடின ஒண்டத்தான் காக்கா நீங்க நெனச்சி வெச்சிரிக்கிறீங்க. எரிஞ்சி போன மோட்டர் எத்தின?"

இவர் யோசித்தார். நாலு என்று ஒப்புக்கொண்டார். எனக்குச் சிரிப்பு.

அதோடு அன்டன் சொன்னது: மோட்டருக்குச் சுற்றுகிற ஒரே வேலை. இதற்குள் மைக், ஸ்பீக்கர், பெற்றரி, புளூடூத், கணக்குப் போடும் மூளை, அத்தனையும் ஒரு புளியங்கொட்டைக்குள். ஒன்று சுணங்கினால் எல்லாம் படுத்துவிடும். விளங்குகிறது. ஆனாலும் எரிச்சல்.

ஜூலை 18, வெள்ளி

மறுபடியும் செத்தது. வலதுதான். ஜும்ஆவில்தான்.

றிஸ்வி போனில், "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க உம்மா." அவன் உம்மா பதினெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பது மறந்துவிட்டது போல.

இவர் இரண்டையும் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். "வேணாம். செவிடனாகவே இரிக்கன். நீயே அவள்ள சம்மதத்தக் கேட்டு எனக்கிச் சொல்லு."

ஸஹ்லா தன் அறைக்குப் போனாள். எனக்கு இருவர் மீதும் கோபம், இருவர் மீதும் இரக்கம். சோற்றை அடுப்பில் மறந்தேன், அடிப்பிடித்தது.

ஜூலை 20, ஞாயிறு

லாச்சியைத் திறந்தேன் (சாவி எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியாதா). வலது கா.மெ. தானாகவே கொஞ்சம் உயிர் வந்து கரகரக்கிறது.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதை நானே செய்தாலென்ன? எது மாறுகிறது, எது மாறவில்லை?

சந்தேகங்கள்:
1. வுழூத் தண்ணீர். ஐந்து நேரத் தொழுகைக்கு முன்னும் ஈரக் கையால் காதைத் தடவுகிறார், ஈரத்தோடு திரும்ப மாட்டுகிறார். ஆனால் அது தினமும். வெள்ளிக்கு மட்டும் ஏன்?
2. கடல் உப்பு, கச்சான் மணல். அதுவும் தினமும்.
3. பள்ளிவாசல் ஒலிபெருக்கி. இவர் முதல் வரிசையில் இருப்பவர். இதுதான், இதுதான்!

ஜூலை 21, திங்கள்

3 இல்லை. ஒலிபெருக்கிச் சத்தம் வலதை மட்டும் எப்படிக் கொல்லும் என்று அன்டன் கேட்டார். வெட்கம். துடைத்துக் கொடுத்தார், வேலை செய்கிறது. தையல்காரி இன்னும் பொய்.

ஜூலை 25, வெள்ளி

இவரை இன்று கள்ளனைப் பார்ப்பது போலப் பார்த்தேன். குளித்தார். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை. தொப்பி. கா.மெ. இரண்டும் உள்ளே. பிறகு அலுமாரியிலிருந்து அத்தர்ப் போத்தலை எடுத்து, பஞ்சில் தொட்டு, மணிக்கட்டில் தேய்த்து, அந்தப் பஞ்சை உருட்டி வலது காது மடலுக்குள் செருகினார்.

கா.மெ.யின் தலைக்கு மேலே!

"இஞ்ச பாருங்க, நில்லுங்க!" என்று கத்தினேன். கா.மெ. போட்டிருந்தபடியால் துள்ளி விழுந்தார் பாவம்.

எத்தனை வருடம் வெள்ளிக்கு வெள்ளி பார்த்த கை வேலை. பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போயிருக்கிறது.

பின்னேரம் அன்டன் கடை. பூதக்கண்ணாடியில் காட்டினார்: மைக்கின் வலையில் அத்தர் எண்ணெய், அதில் ஒட்டிய பஞ்சுத் தும்பு. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதச் செஞ்ச ஆக்கள்ள ஒருத்தரும் ஜும்ஆக்குப் போகல்ல போல டீச்சர்."

கூட வந்த புத்தகத்தைப் புரட்டினேன். வியர்வைக்கு எச்சரிக்கை, மழைக்கு எச்சரிக்கை, தலைமயிர் ஸ்பிரேக்குக்கூட எச்சரிக்கை. அத்தர் இல்லை.

"அப்ப பிழை எங்கடயா, மெசின்டயா?" இவர் கேட்டார், குற்றவாளிக் குரலில்.

"ரெண்டும்தான் காக்கா. செய்யிறவனுக்கு அவன்ட ஊர்க் காதுதான் தெரியும். ஊர் ஊராப் போய்ப் பழுதாகித்தான் மெசின் படிக்கும். மொதல்ல வாங்கிற நீங்கதான் அதுக்கு வாத்தியார்."

இவருக்கு அந்தப் பட்டம் பிடித்துவிட்டது. வரும் வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

றிஸ்விக்குச் சொன்னேன், கொம்பனிக்கு எழுதட்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

"அத்தர் இல்லாம என்ன ஜும்ஆ?" என்று காலையிலிருந்து முணுமுணுப்பு. கடைசியில் நானே சட்டைக் கொலரில் பூசிவிட்டேன். குனிந்து நின்றார். நல்ல வாசனைதான். இத்தனை வருடத்தில் நான் பூசிவிட்டது இன்றுதான் முதல் தரம்.

கா.மெ. முழுநாளும் உயிரோடு. குத்பாவை வரிக்கு வரி எனக்கு ஒப்புவித்தார், முக்கால் மணி நேரம். அல்லாஹ்வே, பஞ்சே பரவாயில்லை போல.

நிக்காஹ் நாளின் அபாயம்: மாப்பிள்ளை வீட்டார் பன்னீரும் அத்தருமாகத்தான் இறங்குவார்கள். கண்டவர் கையையும் காதையும் பிடித்துப் பூசுவார்கள். அவர்கள் வருமுன் சம்மதம் கேட்டு முடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை. வீடு போர்க்களம். சகன் தட்டுகளில் மிஞ்சிய சோறு, எங்கும் பூ, ஆறு செருப்புக்குச் சோடி இல்லை. காற்று இல்லை.

நேற்று நிக்காஹ் நடந்ததை எழுதிவிட வேண்டும்.

நினைத்தபடி நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முந்தி வந்துவிட்டார்கள். வாசலில் இவரை ஐந்தாறு பேர் கட்டிப்பிடித்தார்கள். யார் எங்கே என்ன பூசினார்கள் என்று ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்தும் தெரியவில்லை. பிறகு இவர், பதிவுகாரர், இரண்டு சாட்சிகள், எல்லோரும் அறைக்கு வந்தார்கள். ஒரே அத்தர் வாசனை.

இவர் அவள் முன்னால் குந்தினார். மாப்பிள்ளையின் பெயர், மஹர்த் தொகை எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். "ஒனக்கிச் சம்மதமா மகள்?"

அவள் தலையைக் குனிந்து, "ஓம் வாப்பா."

பக்கத்தில் இருந்த எனக்கே அரைவாசிதான் கேட்டது. இவர் முகத்தில் அசைவில்லை. சாட்சிகள் என்னைப் பார்த்தார்கள். கத்துவதற்கு நான் வாயைத் திறந்துவிட்டேன்.

இவர் கையைத் தூக்கி என்னை மறித்தார். வலது காதை அவள் பக்கம் கொண்டுபோனார். "கேக்கல்ல மகள். இன்னொருக்காச் சொல்லு."

"ஓம் வாப்பா." அதே சின்னக் குரல்.

தலையாட்டினார். எழுந்து போய்விட்டார். பிறகு எல்லாம் ஓட்டம், யாருக்கு நேரம்.

இன்று காலை அன்டன் தந்த தூரிகையோடு கா.மெ.யைத் துப்புரவாக்க உட்கார்ந்தேன். வலதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலை பளிச்சென்று இருக்கிறது. ஒரு தும்பு இல்லை.

"இஞ்ச பாருங்க, இது நல்லாத்தானே இரிக்கி. நேத்து ஏன் கேக்கல்ல எண்டீங்க?"

தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டு சொன்னார்: "மொதல்லயே கேட்டிச்சு. இன்னொருக்காக் கேக்க ஆசையா இரிந்திச்சு."