அயினிப் பலகையின் மூட்டுப் பக்கம்

இன்று காலை மர மில்லில் அயினி மரத் தடி அறுத்தார்கள். அந்த ஈர மணம் வந்ததும் நான் பழக்கத்தில் பலகையின் தலைப் பக்கம் போய் நின்றுவிட்டேன். எதிரே நீ இல்லை. நீ இறந்தபின் மழைக்காலம் முழுக்க ரப்பர் தடிதான் வந்தது. அந்தக் குட்டைப் பலகைகளை ஒற்றைக்கே சுமந்து ஓட்டிவிட்டேன். அயினிக்கு இரண்டு பேர் வேண்டும்.

நம் இருவருக்கும் வேலை ஒன்றுதான். அறுப்பு வாளிலிருந்து வரும் பலகையை ஆளுக்கொரு முனையில் தூக்கிப்போய் நிழலில் காய அடுக்க வேண்டும். அடுக்கில் மரத்தின் மூடெல்லாம், அதாவது அடிப்பக்கமெல்லாம், ஒரே பக்கம் இருக்க வேண்டும் என்பது மில்லின் வழக்கம். அந்த மூட்டு முனையை என்றும் நீதான் பிடிப்பாய். மாற்றிப் பிடிக்கலாமே என்றால், "எனக்கு இதாக்கும் சீலம், பழகிப் போச்சு. நீ உன் பக்கத்தப் பிடி மக்கா" என்பாய்.

நீ அப்படிப்பட்ட ஆள். உதியன்குளங்கரையில் டீக்கடைக்காரர் பெஞ்சை இடம் மாற்றிப் போட்டதற்கு, பல நாள் நின்றுகொண்டே டீ குடித்தாய். வாள் ஓட்டும் வேலைக்கு முதலாளி கூப்பிட்டபோதும் போகவில்லை. "அங்க தினமும் ஒரு புதுக் காரியம் வரும். எனக்கு நேத்து செய்ததத்தான் இண்ணைக்கும் செய்யணும்." மில்லே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. கேட்டைத் திறக்கும்போதே மாலை வரை என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி.

போன வாரம் முதலாளி என்னை அழைத்தார். "நீ இனி பலகை சொமக்காண்டாம். ஆபீசில இரி. தூக்க ஒடிசாக்காரங்க வாறாங்க." நல்ல மனதோடுதான் சொன்னார். வீட்டிலும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. உன் கல்லறைக்குப் போனால் நீ அங்கே இருப்பதாகத் தோன்றுவதில்லை. இந்த அடுக்குகளுக்கு நடுவில்தான் இருக்கிறாய். நான் மேசைக்குப் போய்விட்டால் உன்னை எங்கே வந்து பார்ப்பது?

இன்று அந்த ஒடிசாக்காரர்களில் ஒருவர் வேலைக்கு வந்தார். வந்ததும் மூட்டு முனையில் கை வைத்தார். "அங்க வேண்டாம், இங்கோட்டு வா" என்று அவரைத் தலைப் பக்கம் அனுப்பிவிட்டு, உன் இடத்தில் நான் குனிந்தேன். தூக்கியதும் முதுகு இழுத்தது. பலகையின் அகலமும் ஈரமும் எல்லாம் அந்த முனையில்தான். பாதி வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். இத்தனை காலமும் என் பங்குப் பாரத்தையும் நீ சுமந்திருக்கிறாய். அதற்குச் சீலம் என்று ஒரு பெயர் வைத்து என் வாயையும் அடைத்திருக்கிறாய்.

உன்மீது கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அந்த ஆள் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

சாயங்காலம் முதலாளியிடம் ஆபீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நீயும் கிறுக்கனாக்கும். அவனப் போலத்தன்ன" என்றார்.

முதுகு வலிக்கிறது, இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். ஒரு பலகைக்காவது நீ வர வேண்டும். வந்து, தலைப் பக்கம் பிடிக்க வேண்டும்.