ரெண்டு விரலால் ரெண்டு தட்டு

என் பிரியமான செல்வம் மச்சானுக்கு,

நீ எங்களையெல்லாம் விட்டுப் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நான் சொல்லச் சொல்ல என் மகள் நஸ்ரின் இதை எழுதுகிறாள். என்னால் இனி எழுத முடியாது மச்சான். சர்க்கரை வலது கண்ணை முழுசாக எடுத்துக்கொண்டது. இடது கண்ணில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. பாரிமுனை ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டேன். பிறந்ததிலிருந்தே பார்வையில்லாத நீ, தினமும் எப்படித்தான் என்னோடு அந்த ரயிலில் ஏறி ஆபீசுக்குப் போய் வந்தாய்?

நஸ்ரின் என் போனை உன் போன் மாதிரியே பேச வைத்துக் கொடுத்தாள். விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறதென்று அது சொல்கிறது. திறக்க இரண்டு முறை தட்ட வேண்டும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். பார்த்துப் பார்த்துத் தள்ளிய கைக்கு இது பிடிபடவில்லை. ஒன்றைத் தொடப் போனால் வேறொன்று பேசுகிறது. கொஞ்ச நேரத்தில் சோர்ந்துபோய்க் கீழே வைத்துவிடுவேன். இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் அலுப்புதான்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பினேன். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் கூட்டம் இடித்ததில் திசை தவறிவிட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது போன் அடித்தது. நஸ்ரின் பேரைச் சொன்னது. பழைய பழக்கத்தில் ஒரு விரலால் மேலே தள்ளினேன். அது வேறு என்னவோ சொன்னது. தட்டினேன், இழுத்தேன். அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. ஆறு தடவை. பிள்ளை கூப்பிடுகிறாள், போன் கையில் இருக்கிறது, எடுக்கத் தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன்.

"இன்னா சார், வழி தெர்லியா? எந்தப் பக்கம் போவணும்?" என்று யாரோ ஒரு அம்மா கேட்டார். கூடையை இடுப்பில் வைத்திருந்தார் போல. கீரை வாசம் அடித்தது. அவர்தான் கையைப் பிடித்து என் வீட்டுப் பக்கம், கிழக்கே இறக்கிவிட்டார்.

மறுநாள் நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு முடிச்சூருக்கு, உன் வீட்டுக்குப் போனேன்.

"செல்வம் எப்படிம்மா போன் எடுப்பான்?" என்று உன் வீட்டுக்காரி விமலா தங்கச்சியைக் கேட்டேன்.

"ரெண்டு விரலால ரெண்டு தட்டு தட்டுவாருண்ணா. ஸ்கிரீன்ல எங்க வேணா தட்டலாம். வைக்கறதுக்கும் அதேதான்."

சொன்னதோடு நிற்காமல், என் விரல்களைப் பிடித்துத் தட்டிக் காட்டினாள். நஸ்ரின் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை எடுத்துவிட்டேன். "அத்தா!" என்று அவள் குரல் வந்ததும் தங்கச்சி சிரித்தாள். உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன். "ரயில்ல ஒரு தடவைகூட அவன் போனை எடுத்துப் பேசி நான் கேட்டதில்லையேம்மா?"

"நீங்கதாண்ணா ஒருநாள், 'போன் சத்தமா பேசுது, எல்லாரும் பாக்கறாங்க, அத ஆஃப் பண்ணு மச்சான்'னு சொன்னீங்களாம். அதுலருந்து உங்ககூட வர்றப்ப போனை எடுக்கவே மாட்டாரு. தாம்பரத்துல எறங்கி, நீங்க அந்தப் பக்கம் போனப்புறம்தான் எனக்குக் கூப்பிடுவாரு."

எனக்கு அது ஞாபகமே இல்லை மச்சான். சொல்லிவிட்டு மறந்துபோயிருக்கிறேன். நீ மட்டும் அதைத் தினமும் ஞாபகம் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்திருக்கிறாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்?

நஸ்ரின் எழுதுவதை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். இதையும் எழுது என்று சொன்னேன்.

நாளைக்கு மறுபடி ஆஸ்பத்திரி, அதே ரயில், தனியாகத்தான். போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு போகிறேன். யார் பார்த்தாலும் எடுத்துப் பேசுவேன், கை தவறினால் திரும்பத் தட்டுவேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்னமும் உன் மச்சான்தான்,
யூசுப்