மூடியைப் போட்ட பிறகும் அடித்த மணி

இன்று காலை பலகையில் உன் பாதியில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. ஆய்வகத்தின் சன்னலோரம் அதைச் சாய்த்துவைத்து, கோலைச் சூடாக்கி ஈயம் பற்றவைத்தேன். புகை எழுந்தது. உன் தாவணியில் எப்போதும் இருந்த வாசனை அது. மற்றப் பெண்கள் மல்லிகையோடு வகுப்புக்கு வருவார்கள். நீ ரயிலடியில் உன் அண்ணன் நடத்திய ரேடியோ ரிப்பேர்க் கடையின் புகையோடு வருவாய். அதற்கே எனக்கு உன்மேல் பொறாமை. வெங்காயக் காட்டிலிருந்து வந்த என் தாவணியில் என்ன வாசனை இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

வருகிற கார்த்திகையோடு நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. போய்ச் சேர்ந்தவள்மேல் பொறாமைப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அது நின்றபாடில்லை.

பி.எஸ்சி. கடைசி வருஷம் நம் இருவரையும் ஒரே பலகைக்குப் போட்டார்கள். டிரான்சிஸ்டர் அப்போதுதான் நம் ஆய்வகத்துக்குள் வந்திருந்தது. கறுப்பு வண்ணம் அடித்த ஒட்டுப்பலகையில் மின்சுற்றை வெள்ளைக் கோடுகளாக வரைந்து, கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி ஒவ்வொரு உறுப்பையும் அதன் குறியீட்டின்மேல் திருகிவைக்க வேண்டும். கீழ்ப்பாதி என்னுடையது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை இறக்கி, சீராக்கி, ஒரே அளவில் மேலே அனுப்புவது அதன் வேலை. ஊர்க் கிணறுகளில் மோட்டார் போட்டால் நம் விளக்குகள் மங்கும். என் மீட்டர் முள்மட்டும் ஒன்பது வோல்ட்டை விட்டு அசையாது. மேல்பாதி உன்னுடையது. டிரான்சிஸ்டரின் கண்ணாடிக் கூட்டில் இருந்த கறுப்பு மையை பிளேடால் சுரண்டிவிட்டால் அது வெளிச்சத்தை உணரும் என்று அண்ணன் கடையில் கற்றுவந்தாய். பவுடர் டப்பா மூடியால் மூடினால் அமைதி. மூடியை எடுத்தால் மணி அடிக்கும். ஆய்வகத்துக்கு வந்த எல்லோரும் அந்த மூடியைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். என் முள் அசையாததை யார் பார்ப்பார்கள்?

"ஏ ஊமக்கோட்டான், உன் பாதியப் பத்தி நீதான் நாலு வார்த்த சொல்லணும். வாயத் தொறந்தா முத்தா உதிந்துரும்?" என்பாய்.

"நீயே சொல்லு."

"நான் சொன்னா அதுவும் என் பாதின்னு நெனச்சுக்கிருவாக. அப்பறம் அழுகக் கூடாது."

விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் அந்த வருஷம் ஆய்வகத்தில் செய்முறை உதவியாளர் இடம் ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. மதுரையிலிருந்து வரும் பேராசிரியர் பலகைகளைப் பார்த்துவிட்டு ஒருவர் பெயரைச் சொல்வார் என்றார்கள். உனக்கு அது கிடைக்காவிட்டால் அண்ணன் கடை இருந்தது. எனக்கு வடமதுரையில் மாமன் மகன் இருந்தார். அய்யா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "வேல கெடச்சா போ தாயி, நான் குறுக்க நிக்கல. கெடைக்கலன்னா தைக்குள்ள முடிச்சுருவோம்."

பேராசிரியர் வருவதற்கு மூன்று நாள் முன்பு, மதியம், நான் மட்டும் ஆய்வகத்தில் இருந்தேன். மாசி வெயில் முற்றத் தொடங்கியிருந்தது. மேலே தகரக் கூரை. மூடி போட்டபடி இருக்க, மணி தானாக அடித்தது. என் முள்ளைப் பார்த்தேன், ஒன்பதில் நின்றது. கை வைத்து வெயிலை மறைத்தேன், நிற்கவில்லை. நாலரைக்குக் காற்று வந்ததும் நின்றது. மறுநாளும் அதே நேரத்தில் அதே கதை. சூடு ஏறினால் அந்த டிரான்சிஸ்டர் வெளிச்சம் பட்டதுபோலவே நடந்துகொள்கிறது என்று குறிப்பேட்டில் எழுதினேன். உன்னிடம் சொல்லவில்லை. பேராசிரியர் காலையில் வந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது, மதியம் வந்தால் அது உன் தலையெழுத்து என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ரயில் தாமதம். அவர் வந்தபோது மணி இரண்டரை.

நீ மூடியைப் போட்டாய். மணி நிற்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி போட்டாய். பின்னால் யாரோ, "கோயில் மணிக்குப் பழகின கை போல," என்றார்கள், சிரிப்பு. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். அடுத்துக் கேட்டது உன் குரல்.

"செத்த நேரம் பொறுங்க ஐயா. இதுக்கு வெளிச்சம் மட்டுமில்ல, சூடும் தெரியும்போல."

பேராசிரியருக்கு வைத்திருந்த குடிதண்ணீரில் கைக்குட்டை நுனியை நனைத்தாய். தெருக்குழாயில் குடத்துக்குச் சண்டை நடக்கிற ஊரில், துறைத்தலைவரின் முகம் போன போக்கை நீ கவனிக்கவே இல்லை. ஈரத்துணியை டிரான்சிஸ்டரின்மேல் வைத்து மூடியைப் போட்டாய். மணி இரண்டு முறை திக்கி நின்றது. பேராசிரியர் அவரே துணியை எடுத்தும் வைத்தும் பார்த்தார். என் குறிப்பேட்டில் இரண்டு நாளாக இருந்த வாக்கியத்தை, உன்னைப் பாராட்டி, ஆங்கிலத்தில் அவர் சொன்னார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "சூடுன்னு எப்படித் தோணுச்சு?"

"எனக்கே வேர்த்து ஊத்துச்சுடி. அதுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சேன், அம்புட்டுதான்." பிறகு, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாய்.

"தெரியாது."

"தெரிஞ்சா சொல்லிருப்பே," என்று என் தோளில் கை போட்டுக்கொண்டாய். நம்பித்தான் சொன்னாயா, தெரிந்துதான் சொன்னாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆனியில் நீ வேலையில் சேர்ந்தாய். எனக்குத் தையில் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். கார்த்திகையில் உனக்கு விஷக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து நாளில் உன் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டுக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அய்யா கேட்டார், "போறியா தாயி?" நான் தலையை ஆட்டினேன். அழுதுகொண்டேதான் ஆட்டினேன். ஆனால் ஆட்டினேன். வடமதுரைக்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். உன் சாவினால்தான் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று மதியம் முதல் வருஷப் பெண்களுக்குப் பலகையைக் காட்டினேன். வெயிலில் மணி தானாக அடித்தது. ஈரத்துணி வைத்து நிறுத்தினேன். "அந்த அக்கா கண்டுபிடிச்சதுதான டீச்சர் இது?" என்றாள் ஒருத்தி. அவள் உன்னைப் பார்த்ததே இல்லை.

"இல்ல. மூணு நாள் முந்தியே நான் பாத்துட்டேன்," என்றேன். முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"அப்ப ஏன் டீச்சர் நீங்க சொல்லல?"

பக்கத்தில் நின்றவள் அவளைக் கிள்ளினாள். நான் மூடியைப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

அவளுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். பயமோ கூச்சமோ காரணமில்லை. அத்தனை பேர் முன்னால் ஒரே ஒரு தடவை நீ வாயடைத்து நிற்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ நிற்கவில்லை. இருபத்திரண்டு வயதில், எதிலும் தோற்காமல், என்னைத் தோழி என்று நம்பியபடியே போய்விட்டாய். வேலை எனக்கு வந்துவிட்டது. பொறாமை போகவில்லை. இனி உனக்கு வயதும் ஆகாது, தோல்வியும் வராது. நான்தான் ஒவ்வொரு வருஷமும் உன்னைவிட ஒரு வயது மூத்து, உன்னிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.