மிதிக்கு ஆரம்பிக்கிற பாட்டு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் அங்கிப் பையில் கிடந்த பெப்பர்மின்ட்டை இன்று காலை தின்றுவிட்டேன். சேப்பலில் பாடும் நம் குவயரில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு அந்த அங்கி வேண்டுமாம், துவைத்துத் தரச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். மடிப்பைப் பிரித்ததும் உன் பவுடர் வாசனை. அழுகை வரும் என்று பார்த்தேன். கோபம்தான் வந்தது. வாயில் எதையாவது போட்டு அடக்க வேண்டியிருந்தது.

செத்ததற்குக் கோபமில்லை. அது உன்னைக் கேட்டா வந்தது? "என் அடக்கத்துக்குக் குவயரைத் தொந்தரவு பண்ணாதே, எல்லாருக்கும் வேலை இருக்கும்" என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு மகனிடம் சொன்னாயே, அதற்கு. எனக்கு என்னடி வேலை? தார்நாகாவில் தோசை மாவு அரைத்து விற்கிறவள் நான். உனக்காகப் பாடுவதிலிருந்து, என்னைக் கேட்காமல் எனக்கு லீவு கொடுக்க நீ யார்?

நீ லைப்ரரியில் உத்தியோகம், நான் நாலாம் வகுப்பு. பல்கலைக்கழகச் சேப்பலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பாட நிற்க வைத்ததே நீதான். இங்கிலீஷ் தெரியாதே என்றேன். "காய்கு டென்ஷன்? எதுக்குடி பயம்? காது இருக்குல்ல" என்றாய். வரிகளை வாயாலேயே ஊட்டினாய். எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதற்காக என் இடது காலை மிதிப்பாய். மிதி விழுந்தால் பாட்டு. "எருமை, மெதுவாடி" என்று நான் முனகாத ஞாயிறு கிடையாது. இருவருக்கும் ஆல்டோ, மெட்டுக்கு அடியில் ஓடும் குரல். அதை மட்டும் தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றே தெரியாது. "மெட்டு அவளுகளுக்கு, பாரம் நமக்கு" என்பாய்.

அடக்கத்தன்று குவயர் மொத்தமும் அங்கி மாட்டிக்கொண்டு வந்து நின்றது. ஒருத்தருக்கும் வேலை இல்லை, பார்த்துக்கொள். உன் மகன் குகட்பள்ளி ஃபிளாட்டிலிருந்து லேப்டாப்போடு வந்திருந்தான்.

"நக்கோ ஆன்ட்டி, பாட வேணாம், நீங்க உக்காருங்க. இதுல லண்டன் குவயரே இருக்கு. சூப்பர் குவாலிட்டி."

"அவங்க உங்கம்மாவைப் பார்த்திருக்காங்களா தம்பி?"

"மம்மியேதான் சொன்னாங்க ஆன்ட்டி, உங்களைக் கஷ்டப்படுத்த வேணாம்னு."

உட்கார்ந்தேன். லண்டன்காரர்கள் உனக்காகப் பாடினார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

பெட்டியைத் தூக்கியதும் எல்லோரும் எழுந்தோம். அப்போது லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்து, பாதி வரியில் பாட்டு நின்றது. நான் வரிசையின் ஓரத்தில் நின்றிருந்தேன். பெட்டியின் முன்பக்கம் பிடித்திருந்த உன் மைத்துனர், தடுமாறிப் பின்வாங்கி, ஷூக் காலால் என் இடது காலை மிதித்தார். நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

நான் ஆரம்பித்தேன். முதல் வரியிலிருந்து. ஆல்டோ மட்டும். இது எந்தப் பாட்டு என்று போதகர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். உன் மைத்துனர் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, காலை மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நான் மூன்றாம் சரணத்தில் இருந்தேன்.