காலரில் தைத்திருந்த பெயர்

பிப்ரவரி 9

என் சிட்டு,

உன் கடிதம் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அங்கே உன் பெயர் யாருக்கும் தெரியாது, அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். தப்பு என்னுடையதுதான். அன்றைக்கு நீ போட்டோ எடுக்கப் போயிருந்தாய். வெளிநாட்டு வேலைக்கு உன் விண்ணப்பம் எழுதியவர், “முதல் பேர் எதும்மா?” என்று கேட்டார். இனிஷியல்தானே முதலில் வரும், அதனால் அப்பா பெயரைச் சொன்னேன். பெருமையாக வேறு சொன்னேன். முதல் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று நான் எதைக் கண்டேன்?

அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. “நான் இங்க சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருக்கேன், அங்க எவனோ என்னை மூட்டை தூக்கச் சொல்றானா?” என்கிறார்.

இருமல் மருந்தைப் பாதியில் விட்டுவிடாதே.

அம்மா


மார்ச் 2

அம்மா,

இருமல் போய்விட்டது. அப்பாவிடம் சொல், அவர் மூட்டை தூக்கவில்லை. கிடங்கில் நின்று வண்டியில் ஏறும் பெட்டிகளை எண்ணுகிறார்.

சிரிப்பாக இருந்தாலும் சங்கடமாக இருக்கிறது அம்மா. மேஸ்திரி கத்தும்போது அப்பாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஒரு நொடி நின்றுவிடுகிறேன். அப்புறம்தான் என்னை என்று உறைக்கிறது. எனக்குச் ‘செவிடன்’ என்று பட்டமே வைத்துவிட்டார்கள். வேலை அட்டையில் பெயரை மாற்றலாமாம். அதற்கு அப்பா கையெழுத்துப் போட்ட உறுதிக் காகிதம் ஒன்று வேண்டும். சீக்கிரம் அனுப்பு.

இங்கே எல்லோரும் தங்கள் பெயருக்கு அர்த்தம் சொல்கிறார்கள். ஒருத்தன் குடும்பப் பெயருக்குக் கொல்லன் என்று அர்த்தமாம். அவனுக்கு ஒரு ஆணி நேராக அடிக்க வராது! என்னைக் கேட்டார்கள், அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சிட்டு என்பது நீ செல்லமாகக் கூப்பிடுவது, என் நிஜப் பெயருக்கு என்ன அர்த்தம் அம்மா? யார் வைத்தது?

உன் சிட்டு


ஏப்ரல் 11

என் சிட்டு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. காகிதத்தை அப்பாவிடம் நீட்டியதும் முகம் வாடிப்போயிற்று. “என் பேரு அவனுக்குப் பாரமா போச்சா?” என்று கேட்டார். பத்தொன்பது நாள் அது கத்தரிக்கோலுக்கு அடியிலேயே கிடந்தது. நானும் வற்புறுத்தவில்லை. தானாக மனம் இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்று கையெழுத்துப் போட்டுவிட்டு, “போய்த் தொலையட்டும், நல்லா இருக்கட்டும்” என்றார். இதோடு வைத்திருக்கிறேன்.

உன் பெயரை வைத்தது நான்தான். நீ வயிற்றில் இருந்தபோது சலவைக் கடையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். சட்டைகள் மாறிப்போகாமல் இருக்கக் காலரில் பெயர் எழுதின துணித்துண்டு தைத்திருப்பார்கள். பக்கத்து மேசை அக்கா அதைக் காட்டிக் காட்டித்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். வாராவாரம் ஒரு வெள்ளைச் சட்டை வரும். ஒருநாள் அதிலிருந்த பெயரை, யாரும் சொல்லாமல், நானாகவே முழுக்க வாசித்துவிட்டேன். நான் வாசித்த முதல் வார்த்தை அதுதான். அந்த ஆளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அர்த்தமும் தெரியாது. சந்தோஷம் தாங்காமல் வயிற்றில் கை வைத்து உன்னை அப்படிக் கூப்பிட்டேன். நீ உதைத்தாய்.

எவருடைய சட்டையிலிருந்தோ எடுத்த பெயர் என்று சொல்ல வெட்கப்பட்டு இத்தனை வருஷம் சொல்லவில்லை. அவர்கள் கேட்டால் நல்லதாக ஏதாவது சொல்லிக்கொள்.

அம்மா


ஜூன் 20

என் சிட்டு,

என் கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. நீ போன மறுநாள்தான் அங்கே போய்ச் சேர்ந்ததாம்.

நம் பாஷை பேசுகிற ஒரு பெண் போன் செய்தாள். அப்பா பெயரைச் சொல்லி, இறந்துவிட்டார் என்றாள். “அவரு இதோ தைச்சுக்கிட்டு இருக்காரும்மா, வேற யாருக்கோ போட்டிருக்கீங்க” என்றேன். சிரித்தேன், சிட்டு. நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அவள் வயசு சொன்னாள், இருபத்தாறு என்று.

உன் முதுகுப் பக்கமாக வண்டி வந்ததாம். மேஸ்திரி கத்தினாராம். நீ ஒரு நொடி அப்படியே நின்றாயாம்.

உன்னை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கல்லில் அட்டையில் உள்ள பெயரை மட்டும்தான் வெட்டுவார்களாம். மாற்ற வேண்டுமென்றால் என்ன செய்வது என்று கேட்டேன். பெயருக்கு உரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

உன் பெட்டி வந்தது. மூன்று வேலைச் சட்டை. மூன்றிலும் மார்பில் அப்பா பெயர் நூலில் தைத்திருக்கிறது. துவைத்துத் தேய்த்து வைத்தேன். அந்த இடத்தில் மட்டும் இஸ்திரிப் பெட்டியை வைக்க எனக்குக் கை வரவில்லை. காலருக்குள்ளே உன் பெயரை நானே தைத்துவிட்டேன். அதற்கு யாரும் காகிதம் கேட்கவில்லை.

அப்பா மிஷினில் உட்காருவதில்லை. தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. நான்தான் போய்த் தோளைத் தொடுகிறேன்.

அந்த மேஸ்திரி நீ வயிற்றில் கேட்ட பெயரைச் சொல்லிக் கத்தியிருந்தால், சட்டென்று திரும்பியிருப்பாயா சிட்டு?

அம்மா