விளிம்பில் மூடிய வெடிப்பு

கோவில்பட்டி,
திங்கட்கிழமை, புரட்டாசி 27

அன்புள்ள தீபாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீ அங்கே நலமா என்று கேட்கும் வழக்கத்தை வியாழக்கிழமை உன் மலைச் சைக்கிள் போட்டி முடியும்வரை ஒத்திவைத்திருக்கிறேன். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை, ஆகையால் எழுதுகிறேன். உன் அண்ணன் செல்வகணேஷ் இந்தத் தாள்களைப் படம் பிடித்து இன்றே அனுப்புவான். "அவளுக்குக் கிறுக்கும்மா" என்பதற்கு மேல் அவன் உன்னைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை, ஆனால் அவன் கைப்பேசியில் கோவில்பட்டி வானிலைக்கு மேலே, அமெரிக்காவில் நீ இருக்கும் யூட்டாவின் காற்று வேகம் இருக்கிறது. உன் மதினிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று, இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. இடைசெவலில் நம் புஞ்சையைப் பார்த்துக்கொள்ளும் சுந்தரபாண்டியனுக்குச் சென்ற செவ்வாயன்று காரை எலும்பு முறிந்துவிட்டது. இது வெறும் ஊர்ச் செய்தி இல்லை, உன் போட்டியோடு சேர்ந்தது, ஆகவே முழுதாகப் படி.

கோடை முழுக்க வாயைப் பிளந்து கிடந்த கரிசலில் அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறன்று ஒரு தூறல் விழுந்தது, மண்வாசனை வரும் அளவுக்கு, அதற்கு மேல் இல்லை. முப்பது வருடமாக அந்த நிலத்தில் நடக்கிற மனிதர், சோளத்தட்டைக் கட்டை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு புஞ்சைக்குக் குறுக்கே வந்திருக்கிறார், முன்சக்கரம் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போக, அவர் கைப்பிடிக்கு மேலே பறந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். உங்களுக்குமா தெரியாமல் போயிற்று என்றதற்கு, "ஞாயித்துக்கெழம வர வாயத் தொறந்துட்டுக் கெடந்த வெடிப்பு டீச்சரம்மா, தூத்தல் விழவும் மேல மூடிக்கிட்டு. மூடிட்டா சரியாப் போச்சுன்னு நெனச்சுட்டேன். அடியில அப்படியே பொந்தாத்தான் இருந்திருக்கு" என்றார். பிறகு தட்டையை மாடு தின்றுவிடாமல் யாராவது எடுத்து வைத்தார்களா என்று கேட்டார்.

இனி உன் விஷயம். வெள்ளிக்கிழமை, போட்டிக்கான உன் பாதையை மலையில் உன்னோடு சேர்ந்து வெட்டிக் கட்டும் ஜெயப்பிரியா எனக்கு ஒரு படம் அனுப்பினாள். நீ சைக்கிளோடு குதிக்கப் போகும் மலை விளிம்புக்கு ஒரு முழம் பின்னால், விளிம்புக்கு இணையாக, விரல் நுழையும் அகலத்தில் ஒரு வெடிப்பு. நேற்று நீ அதே இடத்தைப் படம் எடுத்து அனுப்பினாய், தண்ணீர் தெளித்து மண்வெட்டியால் தட்டி வழவழவென்று இருக்கிறது, கீழே "சரியாயிருச்சும்மா" என்று எழுதியிருக்கிறாய். வெடிப்பு இருந்ததையே என்னிடம் சொல்லாதவள் சரியானதை மட்டும் சொன்னாய். நான் போனில் கேட்டபோது, "இது இங்க உள்ள மண்ணும்மா, நம்ம கரிசல் இல்ல" என்று முடித்துவிட்டாய். போய்ச் சேர்ந்த முதல் நாள், நிறம்தான் வேறு, மற்றபடி நம்ம ஊர் மண்ணைப் போலவே காய்ந்தால் வெடிக்கிறது, நனைந்தால் உப்புகிறது என்று குதூகலமாகச் சொன்னவளும் நீதான். சனிக்கிழமை விளிம்புவரை மூன்று முறை வந்து மூன்று முறையும் பிரேக் பிடித்துத் திரும்பினாயாம். காற்று என்று காரணம் சொன்னாயாம். ஜெயப்பிரியா அனுப்பிய வீடியோவில் விளிம்பில் கட்டியிருந்த ரிப்பன் அசையவே இல்லை. உன் அண்ணன் பயம் என்கிறான். பதினொரு வருடத்தில் நீ அளந்து முடித்த எந்த இடத்திலிருந்தும் பின்வாங்கியதில்லை. அந்த மண்ணை நீயே நம்பவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

நீ குதிக்கும் நாற்பத்தைந்து அடி உயரம் என்னைப் பயமுறுத்தவில்லை. இயற்பியல் கற்பித்தவள் நான், விழுவதற்கு ஒன்றே முக்கால் வினாடிகூட ஆகாது என்பதும், இறங்கும் சரிவு போதிய செங்குத்தாக இருந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து தொட்டு வேகம் முன்னால் ஓடிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். குதிகாலைத் தாழ்த்தி, முழங்கையை விரித்து, கண்ணைச் சரிவில் வைத்து நீ இறங்குவதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அத்தனை கணக்கும் முன்சக்கரம் விளிம்பைத் தாண்டும் அந்தக் கணம் மண் தாங்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. அங்கே மண் ஒரு சாண் சரிந்தால் சைக்கிள் மூக்குக் குத்தும், அதற்குப் பிறகு உன் திறமைக்கு வேலை இல்லை.

இன்று காலை செல்வகணேஷோடு புஞ்சைக்குப் போனேன். மொபெட் இறங்கிய இடத்துக்குப் பத்தடி தள்ளி, மேலே ஒரு கோடுகூடத் தெரியாத இடத்தில் ஓர் இரும்புக் கம்பியைக் குத்தச் சொன்னேன். இரண்டரை அடி, வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெடிப்பே விழாத இடத்தில் ஒரு சாணுக்கு மேல் இறங்கவில்லை, உன் அண்ணன் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், "அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லும்மா, குத்திப் பாக்காம ஏறக் கூடாதுன்னு" என்றான்.

ஆகவே குத்திப் பார். விளிம்புக்குப் பின்னால், வெடிப்பு ஓடிய கோடு நெடுக ஐந்து இடத்தில். இறங்கினால் வெட்டித் திற, இளகிய மண் முழுவதையும் தள்ளிவிட்டு, கெட்டித் தரைவரை பின்னால் போய்ப் புது விளிம்பு கட்டு. புதன் மாலையோடு மண்வேலைக்குத் தடை என்று ஜெயப்பிரியா சொன்னாள், நேரம் போதாமல் பெயரைத் திரும்பப் பெற வேண்டி வரலாம், இருபது பேர் பார்க்க நீ கட்டியதை நீயே இடிக்க வேண்டி வரலாம். குதிப்பதற்கு வேண்டிய அதே நெஞ்சழுத்தம் அதற்கும் வேண்டும், அது உன்னிடம் இருக்கிறது. குதிக்காதே என்று உன்னிடம் நான் ஒருமுறையும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று: இதுவரை உன் குதிப்பு எதையும் நான் நடக்கும்போது பார்த்ததில்லை. நீ போனில் பேசிய பிறகுதான் வீடியோவைத் திறப்பேன். கம்பி இறங்காத படம் ஒன்று வந்து சேர்ந்தால், வியாழக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடாமல் பார்க்கிறேன்.

எலும்பு முழுசாக, நீண்ட ஆயுளோடு இரு. இடது மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொள். கம்பியில் சாக்பீஸால் அளவுக் கோடு போட்டுப் படம் எடு, வாயால் சொல்லும் அளவை நான் ஏற்க மாட்டேன்.

உன் அம்மா,
ரெங்கம்மாள்